கறுப்பு வெள்ளையில் நிறம் கண்டவர்

மலாக்கா மாநிலத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, அதில் இருக்கிற துணி என்ன நிறம் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். பாச்சாங்கில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற எங்கள் 'சாயம்' அண்ணன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒற்றை ஆளாக ஏழு லாரிகளுக்கு முதலாளியானவன். ஆளை எடைபோடுவதில் எனக்குத் தப்பு வராது. நான் சொன்னால் நம்பலாம்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் ஊர். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டில் மட்டும் டெலிவிஷன் இருந்தது. வாரம் ஒருநாள், அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருபது பிள்ளைகள் நிற்போம். உள்ளே ஒரு வெள்ளைக்கார வீரன் வருவான். பகலில் தபால் பிரிக்கிற வேலை. யாருக்காவது ஆபத்து என்றால் முகமூடியை மாட்டி, முதுகில் ஒரு நீளத் துணியைக் கட்டிக்கொண்டு பறந்துவிடுவான். ஒரு வார்த்தை இங்கிலீஷ் எங்களுக்குப் புரியாது. அதனால் என்ன? குத்து விழுந்தால் எந்தப் பாஷைக்காரனும் அதே மாதிரிதான் விழுகிறான்.

மற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் அதை மறந்துவிட்டார்கள். அண்ணன் மறக்கவில்லை. பட்டறைக்கு லாரியை விட்டால், பெயிண்ட் காய்கிற வரைக்கும் அந்த வீரன் கதையைக் கேட்டாக வேண்டும். கதை முடிவதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டால் இன்னொரு கோட்டிங் அடிப்பார்.

"தம்பி, அவன் பறக்கும்போது பின்னால ஒரே மேகம் மூணு தடவ வரும். கவனிச்சிருக்கியா?"

"அவங்கிட்ட ஒரு மேகம்தான் இருந்திருக்கும்ணே."

"அதான் பெரும! ஒத்த மேகத்த வச்சிக்கிட்டு ஊரையே காப்பாத்தினான். அப்புறம், குத்தினா செவரு ஆடும். அட்டைச் செவரு. ஆனா அதுக்குப் பெயிண்ட் அடிச்சவன் யாருடா? ஒரு செங்கல்லாவது அட்டைன்னு தெரியுதா? அவன் கையத் தொட்டுக் கும்பிடணும் லா!"

இன்னொன்றும் சொல்வார். ஆகாயத்தில் பறந்து வருகிறவன், இறங்கியதும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவானாம். "சக்தி இருக்குதுன்னு மரியாதைய விடல பாத்தியா" என்று சொல்லி, ஸ்ப்ரே கன்னால் ஒரு சல்யூட் வைப்பார்.

அந்த முதுகுத் துணியின் நிறம்தான் அவர் உயிர். சாம்பலுக்குள்ளே நூறு சாம்பல் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவனுக்கு நிறம் தெரியும் என்பது அவர் கட்சி. ஒருமுறை ஒரு டிரைவர், தன் அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அண்ணன் ஒரே பார்வை பார்த்தார். "கத்தரிப்பூக் கலரு. பச்சைக் கரை." அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டான். அந்த அம்மாவுக்குச் சேலை நிறம் மறந்துபோய் நாற்பது வருடம். "ஆமாமா, அதேதான்!" என்று அழுதுவிட்டார். அன்றிலிருந்து பட்டறைக்குக் கூட்டம் தாங்கவில்லை.

சரி, வீரனின் துணி என்ன நிறம்? மங்குஸ்தீன் பழத்தின் தோல் நிறம், கருஞ்சிவப்பு கலந்த ஊதா என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? என் முதல் லாரியை நீல நிறம் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், மங்குஸ்தீன் தோல் நிறத்தில் நிற்கிறது.

"அண்ணே, நான் நீலந்தானே சொன்னேன்!"

"நீலத்துல நூறு லாரி ஓடுது. இது பறக்கும்."

பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போனேன். ஆலை வாசலில் சீன முதலாளி லாரியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, இந்த வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆனால் மறுநாளிலிருந்து அந்த வட்டாரத்தில் என் லாரியைத் தெரியாதவன் கிடையாது. அடுத்த ஆறு லாரிகளுக்கும் நானே கேட்டு அதே நிறம் அடித்தேன். என் மூளைதான் என்னை முன்னேற்றியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அதில் பெயிண்டுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

போன வருடம், ஒரு லாரியின் கதவு நசுங்கிப்போய் அவரிடம் விட்டேன். அவரே கலந்தார், அவரே அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் லாரி மங்குஸ்தீன், கதவு மட்டும் காப்பி. பட்டறையில் இருந்த நான்கு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் முகங்களைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். ஸ்ப்ரே கன்னைக் கழுவி ஆணியில் மாட்டினார். பட்டறையை அன்றோடு மூடிவிட்டார்.

கண்ணில் புரை. சின்ன ஆப்பரேஷன்தான், விட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் அசையவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். காப்பிக் கதவு லாரியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஆறு லாரிகளை அவர் வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி ஹார்ன் அடிக்கவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பயமாண்ணே?"

"கத்திக்குப் பயமில்ல தம்பி." நகத்திடுக்கில் இருந்த பழைய பெயிண்டைச் சுரண்டினார். "இப்ப கலர் தப்பாப் போச்சுன்னா புரைமேல பழி போடலாம். கண்ணு நல்லாகி, அப்பவும் தப்பாப் போச்சுன்னா? அப்ப நான் யாருடா?"

ஏழு லாரிக்கு முதலாளி, தோற்றுப்போய் வீடு திரும்பினேன்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புகிற வழி, பாயா ரும்புட்டில் இருக்கிற என் வீட்டிலேயே கிடைத்தது. என் மகள் டேப்லட்டும் கையுமாக ஓடிவந்தாள். "அப்பா, பெரியப்பாவோட சீரிஸ் முழுசா இன்டர்நெட்ல இருக்கு! லாஸ்ட் சீசன் மட்டும் கலர்ல எடுத்திருக்காங்க பா!"

அவ்வளவுதான், காரை எடுத்தேன்.

"அண்ணே, உங்க வீரன் கலர்ல வந்துட்டான். மக வச்சிருக்கா."

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "கலர்லயா! துணி என்ன கலரு?"

"சொல்ல மாட்டேன்."

"டேய்!"

"கண்ண அறுத்துக்கிட்டு வந்து நீங்களே பாருங்க."

"மங்குஸ்தீன்தானே? ஆமான்னு மட்டும் சொல்லு லா!"

"வாயத் தொறக்க மாட்டேன்."

எழுபது வயதுக்காரர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு என்னை வீட்டைச் சுற்றித் துரத்தினார். எறிந்த டின் என் முதுகில் பட்டது. புரை விழுந்த கண்ணுக்குக் குறி நன்றாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க நின்று, "எந்த ஆஸ்பத்திரிடா?" என்றார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கட்டு பிரித்து, பார்க்கலாம் என்று சொன்ன வாரம், எங்கள் வீட்டுப் பெரிய டெலிவிஷன் முன்னால் அண்ணனை உட்காரவைத்தோம். வெள்ளைச் சட்டை, விபூதி, கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். மகள் படத்தை ஓடவிட்டாள். தபால்காரன் வந்தான். முகமூடியை மாட்டினான். பறந்தான்.

துணி பச்சை. சுத்தமான, பளிச்சென்ற, வெண்டைக்காய்ப் பச்சை.

என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். என் ஏழு லாரிகளும் என் மனத்துக்குள் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

"நிறுத்தும்மா" என்றார் அண்ணன். எழுந்து டெலிவிஷன் பக்கத்தில் போனார். மூக்கு திரையில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். திரும்பியபோது முகமெல்லாம் பல்.

"தம்பி, பச்சடா! என்னா பச்ச பாத்தியா! மஞ்சள் ஜாஸ்தி, நீலம் கம்மி, ஒரே ஒரு சொட்டு வெள்ள. எனக்குத் தெரியுது! சொட்டுக் கணக்கு வரைக்கும் தெரியுதுடா!"

"அப்ப மங்குஸ்தீன் தப்புத்தானே, பெரியப்பா?" என்றாள் மகள்.

"தப்புதான்மா. சுத்தத் தப்பு." குழந்தை மாதிரிச் சிரித்தார். "ஜன்னல்ல அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இப்ப கண்ணு தெரியுது. நாளைக்கே பட்டறையத் தொறக்கணும். டேய், ஏழு லாரியையும் கொண்டா, பச்சையா மாத்துறேன்."

"லாரிய விட்டுடுங்கண்ணே!"

"அது சரி, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இத்தன நாளா என்னை ஆட்டி வச்சிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு எங்க தெரியும், பெரியப்பா? அவர் பாக்கவே இல்ல. நான் டேப்லட்டத் தொறந்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில்கூட வரிசையில் நிற்காத ஆள் நான். இதற்கு மட்டும் எப்படி இரண்டு மாதம் காத்திருந்தேன் என்று கேட்டால் என்ன சொல்ல?

அவர் இல்லாமல் தனியாகப் பார்க்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.