சந்தனம் ஒட்டாத கார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் அந்தப் பொருளைவிட அதன்மேல் போடுகிற உறைமேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பாலிதீன் பைக்குள்தான் இருக்கிறது. செல்போனுக்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கவர், அந்தக் கவர் அழுக்காகாமல் இருக்க ஒரு துணிப்பை. (மூன்றையும் உரித்து போனை எடுப்பதற்குள் கூப்பிட்டவர் நேரிலேயே வந்துவிடுவார்.) இப்படிப்பட்டவள் ஒரு கார் வாங்கினால் என்ன ஆகும்?

நான் நாமக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். வீடு ஊருக்கு வெளியே, எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டி. எட்டு வருடம் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று பள்ளிக்குப் போய்வந்த பிறகு, ஒருவழியாகக் கருநீலத்தில் ஒரு கார் பதிவு செய்தேன். அத்தை, அதாவது என் மாமியார், சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டார். ஓட்டப்போவதும் நான்தான் என்றதும் முகம் மாறிவிட்டது.

"நம்மூட்டுப் பொம்பளைங்க இதுவரைக்கும் ஸ்டேரிங்கு புடிச்சதில்ல அம்மிணி. உனக்கெதுக்குக் கண்ணு அந்தப் பொல்லாப்பு? சின்னவன் கொண்டாந்து உடட்டும்."

சின்னவன் என்பது என் கொழுந்தனார். பண்ணை வேனை இரண்டு முறை மின்கம்பத்தில் மோதியவர். அவர் கையில் என் காரா? நான் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். (மூன்றாவது வேளை பிரியாணி என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன்.) கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கார் ஷோரூமிலிருந்து நேராகக் குலதெய்வம் கோயிலுக்கு வர வேண்டும். பூசைக்கு முன்னால் வெளியாள் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பூசை குறையில்லாமல் முடிந்தால் சாவி எனக்கு, சகுனத்தடை ஏதாவது வந்தால் சாவி சின்னவனுக்கு.

நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். ஆனால் வியாதி சும்மா இருக்குமா? காக்கை எச்சம் பெயிண்டை அரித்துவிடும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் பண்ணையில் காக்கைக்கா பஞ்சம்? "பழைய போர்வையப் போட்டு மூடிக்கலாம் கண்ணு," என்றார் அத்தை. நான் கேட்கவில்லை. புது பெயிண்டில் தூசி படிவதற்குள் பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட வேண்டும் என்றும் அந்த வீடியோக்காரர் சொல்லியிருந்தார். எனவே வீட்டில் ஒரு பொய் சொன்னேன். வண்டிக்கு இன்னும் நம்பர் வரவில்லை, மூன்று நாள் ஆகும் என்றேன். என் வீட்டுக்காரரும் இதில் கூட்டுக் களவாணி.

கடையைக்கூட சேலத்தைத் தாண்டி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிடித்தேன். நாமக்கல்லில் போட்டிருந்தால் கடைக்காரர் எப்படியும் எங்களுக்கு ஒருவகையில் பங்காளியாக இருப்பார், காலையில் விட்ட வண்டிக்கு மதியமே அத்தையிடமிருந்து போன் வந்திருக்கும்.

கடைத் தம்பி வரிசையாக விளக்கினார். "மெழுகு பாலிஷ் ரெண்டு மூணு மாசம்தான் மேடம். பிலிம் ஒட்டினா சின்னக் கல்லடி தாங்கும். உங்களுக்குப் பளபளப்பு வேணும்னா செராமிக் கோட்டிங்தான். கண்ணாடி மாதிரி ஒரு படலம் உக்காந்துரும். அதுமேல எதுவுமே ஒட்டாது."

"எதுவுமேன்னா?"

"எதுவுமே மேடம்!"

பூச்சு போட்ட ஒரு காரின்மேல் அவர் சேற்றுத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு ஓடியது, சேற்றின் அடையாளம்கூட இல்லை. நான் கை தட்டிவிட்டேன். முன்கண்ணாடி, விளக்கு எதையும் விடாமல் முழுவதுக்கும் போடச் சொன்னேன். எட்டு வருடமாக நீர்த்துளி ஏன் உருள்கிறது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தும் இந்த மேதைக்கு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கருப்பணசாமி கோயில் முன்னால் கார் நின்றது. சொந்தபந்தம் நாற்பது பேர். பூசாரி மாலை போட்டார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், சந்தனத்தைக் குழைத்து பானெட் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

பொட்டு நகர்ந்தது.

முதலில் என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அது மெதுவாக இறங்கி, பம்பரைத் தாண்டித் தரையில் விழுந்தது. இருந்த இடத்தில் ஒரு கறைகூட இல்லை.

"தண்ணி சாஸ்தியாயிருச்சாட்ட இருக்குதுங்க," என்று பூசாரி மறுபடி குழைத்து வைத்தார். அதுவும் வழுக்கியது. திருநீற்றால் பட்டை போட்டார், பொலபொலவென்று உதிர்ந்தது. முன்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார், அங்கே இன்னும் வேகமாக இறங்கியது. பூசாரிக்கு வியர்த்துவிட்டது. "முப்பது வருசமா வண்டிக்குப் பூசை போடறனுங்க, இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லீங்க!"

கூட்டத்தில் ஒரு பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "சாமி வேண்டாங்குதுடீ!"

"எதுவுமே மேடம்" என்ற குரல் காதுக்குள் கேட்டது. அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. கொழுந்தனார் நைசாகச் சாவி வைத்திருந்த பூசைத் தட்டுப் பக்கம் நகர்ந்து நின்றார். கூட்டுக் களவாணியைப் பார்த்தேன். அவர் கோயில் மணியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் பொய் அம்பலமாகும், சொல்லாவிட்டால் கார் போய்விடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தை, அது சாமி இல்லீங்க. கோட்டிங்குங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. தீர்த்தச் சொம்பை வாங்கி பானெட்டில் ஊற்றிக் காட்டினேன். (அழுதுகொண்டே இயற்பியல் பாடம் நடத்தியது அதுவே முதலும் கடைசியும்.) தண்ணீர் உருண்டு உருண்டு ஓட, நாற்பது பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அத்தை தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப மூணு நாளா வண்டி எங்க இருந்துச்சு அம்மிணி?"

"கொண்டப்பநாயக்கன்பட்டியிலுங்க."

"நம்பரு வல்லீன்னு சொன்னது?"

"பொய்யிங்க அத்தை."

அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன். அத்தை பூசாரியிடம் திரும்பினார். "வண்டி கெடக்கட்டுமுங்க. மொதல்ல இவ நெத்தியில சந்தனத்தை வெச்சு, செஞ்ச தப்பை மன்னிக்கச் சொல்லிச் சாமியக் கும்புட உடுங்க."

நான் கை கூப்பிக் கண்ணை மூடினேன். பூசாரி நெற்றியில் சந்தனம் வைத்தார். குளுகுளுவென்று இருந்தது. பிறகு அந்தக் குளுமை மெல்ல மூக்குக்கு வந்தது. மூக்கிலிருந்து உதட்டுக்கு. வெயிலுக்கு முகம் கறுத்துவிடுமே என்று காலையில் இரண்டு அடுக்கு கிரீம் பூசியிருந்தேன், அதன்மேல் பயத்தில் ஊற்றிய வியர்வை. சந்தனம் தாடை வழியாகச் சொட்டென்று தரையில் விழுந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன்.

"ஏனுங்க பூசாரி, இவளையும் அந்தக் கடையிலயே மூணு நாளு நிறுத்தி வெச்சிருந்தாங்களாட்ட இருக்குதுங்களே!"

அத்தை அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. பெரியம்மா தரையில் உட்கார்ந்தே சிரித்தார். பூசாரி மட்டும் சிரிக்காமல், காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"இதுலயும் நிக்கல, அதுலயும் நிக்கல. ரெண்டும் ஒரே சோடிங்கம்மா. சோடியப் பிரிக்கப்படாதுங்க."

சக்கர ரப்பரில் மட்டும் பூச்சு இல்லாததால், அங்கே வைத்த நான்கு பொட்டும் ஒழுங்காக நின்றன. சாவியை அத்தையே எடுத்து என் கையில் வைத்தார். கிளட்சை அவசரமாக விட்டு வண்டியை மூன்று முறை ஆஃப் ஆக்கி, நான்காவது முறைதான் நகர்த்தினேன். பக்கத்து சீட்டில் அத்தை, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

காரின் பூச்சு எப்போதோ தேய்ந்துவிட்டது, காக்கைகளும் தம் வேலையைக் குறைவில்லாமல் செய்கின்றன. என் பெயர்தான் தேயவில்லை. போன ஆவணியில் கொழுந்தனார் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண் என் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தாள். மணமகன் வீட்டுப் பொறுப்பில் அரக்கப் பரக்க ஓடிக்கொண்டிருந்த அத்தை அத்தனை சம்பந்திகளுக்கும் நடுவில் நின்று உரக்கச் சொன்னார்:

"அவளுக்குக் கொஞ்சம் கெட்டியா வெய்யி சாமி. எங்க மருமக ஒட்டாத ரகம்!"