613ஐ விட்ட மாஸ்டர்

தமிழ் படிப்பித்தவர் பிழை விட்டால் பேச்சு வழக்கு என்று சமாளிக்கலாம். கணக்குப் படிப்பித்தவனுக்கு அந்த வசதி கிடையாது.

யாழ்ப்பாணத்தில் ரியூசன் மாஸ்டராக இருந்த நான், டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தேன். மனைவி வதனியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம், பதில் இல்லை. (எங்கள் கோப்புகளை நீதி அமைச்சரே வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது பிற்பாடுதான் நாட்டுக்கே தெரிந்தது.) கையில் இருந்தது கோப்பு இலக்கம் மட்டும்: 379447.

வேறென்ன செய்வது? சாப்பாட்டு இடைவேளையில் அதை வகுக்கத் தொடங்கினேன். அது முதன்மை எண்ணா (பகா எண் என்றும் சொல்வார்கள்) என்று அறிய, வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்தால் போதும். வர்க்கமூலம் 616க்கு மயிரிழை குறைவு. மொத்தம் 112 வகுத்தல். எட்டு நாள் பாணும் பேனையுமாக இருந்து 607 வரை வந்துவிட்டேன், ஒன்றாலும் பிரியவில்லை. மிச்சம் 613 ஒன்றுதான். மணி அடித்தது. இனி என்ன நடக்கப்போகிறது என்று பேனையை மூடினேன். (கடைசிப் படியை விடாதே என்று பிள்ளைகளின் காதைத் திருகியவனும் நான்தான்.)

பக்கத்தில் வேலை செய்த துரை அண்ணையிடம் அறிவித்தேன்.

"அண்ணை, என்ரை இலக்கம் முதன்மை எண். ஒருத்தராலையும் பிரிக்கேலாது. வதனி கட்டாயம் வருவா."

அவர் மனைவியும் ஊரில்தான். அடுத்த நாளே தன் இலக்கத்தைக் கொண்டுவந்தார். சாதகம் பார்க்கிற சாத்திரி மாதிரிப் பார்த்தேன். இரட்டை எண். "இரண்டாய்ப் பிரியும்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பாவம், மனுசன் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

இவ்வளவையும் வதனிக்குப் பெருமையாக எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஊர்க் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் தமிழர் எல்லோருக்கும் கேட்க வாசிப்பது எங்கள் வழக்கம். வாசித்தேன்.

"616இன்ரை வர்க்கத்திலை மூண்டின்ரை வர்க்கத்தைக் கழிச்சால் உங்கட எண். அப்ப மூண்டைக் கழிச்ச 613ஐ மூண்டைக் கூட்டின 619ஆலை பெருக்கினால் வருது."

ஒரே வரி! நான் போட்டது நூற்றுப் பதினொரு வகுத்தல்.

துரை அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப மாஸ்டர், உம்மடை மனிசியும் வரமாட்டாவோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

"முதன்மை எண் தனிச்சு நிக்கிற எண். ரெண்டு பேர் சேர்ந்திருக்க விண்ணப்பம் போட்டிட்டு, அதுக்கேன் ஆசைப்படுறியள்? இது ரெண்டு முதன்மை எண் சேர்ந்தது. வித்தியாசம் ஆறு, எங்கட வயசு மாதிரி. துரை அண்ணையின்ரை எண் ரெண்டாய்ப் பிரிஞ்சால் ஆளுக்கொரு பங்கு எண்டு சொல்லுங்கோ."

அன்று துரை அண்ணை என் பாணையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இழுத்தடித்து இழுத்தடித்து, கடைசியில் இரண்டு மனைவிமாருமே வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் நான் அழுதேன். வதனியும் அழுதாள். பெட்டியை என் கையில் தந்துவிட்டு, "613ஐ மட்டும் ஏன் விட்டனியள்?" என்றாள்.

இப்போதும் வெளியே கிளம்பும்போது கதவு பூட்டியாச்சு என்று நான் சொன்னால், எதற்கும் டேனிஷில் பதில் சொல்லும் மகள் இதை மட்டும் தமிழில் கேட்பாள்: "அப்பா, 613 பாத்தாச்சோ?"

எனக்குக் கோபம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டியிருக்காது.