தொடர்ச்சி நாலாம் பக்கம்

எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட மண்டபமும் சாப்பாட்டு நேரமும் தெரிந்தால் போதும் என்று இருப்பவன். அதுதான் என் மகள் காதுகுத்தில் என் மானத்தை வாங்கியது.

என் மனைவியின் அண்ணன், பொன்னமராவதி மச்சான், எந்த விசேஷத்துக்கு வந்தாலும், "எங்க பூட்டன் சின்னக்கண்ணு பர்மா சண்டையில, குண்டு மழைக்கு நடுவுலயும் அசராம சோறு தின்னவரு மாப்ள" என்று ஆரம்பித்துவிடுவார். கீரமங்கலத்தில் எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ள ஒரு வீரன் கிடையாது. ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்தேன். (பாயசம் நன்றாகத்தான் இருந்தது.)

காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்பு, போர்க்காலத்து உள்ளூர்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. என் பூட்டன் பெயரைத் தட்டினேன். பூச்சி அரித்த ஒரு பக்கம் வந்தது. "விமானத் தாக்குதல் ஒத்திகை: கீரமங்கலம் கருப்பையாவின் உறுதி! அபாயச் சங்கு ஊதியதும் சந்தையே சிதறி ஓட, கருப்பையா மட்டும் நெஞ்சுறுதியுடன்..." அதற்குக் கீழே, 'தொடர்ச்சி 4-ஆம் பக்கம்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாம் பக்கத்தை யார் பார்த்தார்கள்? நேரே பிளக்ஸ் கடைக்கு ஓடினேன்.

"பூட்டன் போட்டோ இருக்காண்ணே?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா."

"அப்ப ஒங்க மூஞ்சியவே வச்சு மீசைய முறுக்கி விட்டுர்றேன். வாளு வேணுமா?"

"ரெண்டா வையி."

மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு நின்றேன், இரண்டு வாளோடு. (கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவன் நான்.) பக்கத்திலேயே அந்தச் செய்தி, பெரிதாக்கி. மகளை மடியில் வைத்துக் காது குத்தி முடித்த மச்சான் வந்து அதை நிதானமாகப் படித்தார்.

"மீதி எங்க மாப்ள?"

அவர் போனை எடுத்துத் தேடினார், சிரித்தார், மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க! 'கருப்பையா மட்டும் நெஞ்சுறுதியுடன் சோற்றுக்கடைக் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழியில் இறங்கினார். ஒத்திகை முடிந்து அதிகாரிகள் அழைத்தும், சட்டி காலியாகாமல் வர முடியாது என உறுதியாக மறுத்துவிட்டார்!'"

மண்டபமே குலுங்கியது. முதலில் சிரித்தது என் மனைவிதான். நான் பிளக்ஸுக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்தேன். மச்சானுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் இருக்கு! 'அவருடன் குழிக்குள் அமர்ந்து அசராமல் சோறு உண்டவர், சந்தைக்கு வந்திருந்த பொன்னமராவதி சின்னக்...'"

மைக் கர்ரென்றது. மச்சான் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"படிங்க மச்சான், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன். ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்து என்னைக் கட்டிக்கொண்டார். "அடப்பாவி மாப்ள, நம்ம சம்பந்தம் அந்தக் குழிக்குள்ளயே பேசி முடிச்சதுய்யா!"

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பந்தியில் கறிச்சட்டி வந்தால் போதும், என் மகள் வாயாலேயே சைரன் ஊதுவாள். நானும் மச்சானும் இலையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் இறங்கியாக வேண்டும். சட்டி காலியாகும்வரை எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.