நிழல் சார் எடுத்த வகுப்பு

பூகோள சார் தன் வாழ்நாளில் எடுத்த மகத்தான முடிவு, இனிமேல் பாடம் நடத்துவதில்லை என்பதுதான். வேலையை விடுவதாக உத்தேசம் இல்லை. சம்பளம் வர வேண்டும், வகுப்பு தன் பேரில் இருக்க வேண்டும். வாயைத் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

வழியைப் பள்ளிக்கூடமே காட்டிக் கொடுத்தது. வகுப்புகள் வீட்டிலிருந்தே கணினியில் நடக்க ஆரம்பித்த பிறகு, ஆசிரியர்களுக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் நம் முகத்தையும் குரலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எதை எழுதிக் கொடுத்தாலும் அச்சாக நம்மைப் போலவே பேசும். அதற்கு ‘நிழல்’ என்று பெயர். என்றைக்காவது தொண்டை கட்டினால் உதவட்டும் என்று கொடுத்தது. சாருக்கு அன்றிலிருந்து தினமும் தொண்டை கட்டிக்கொண்டது.

தன் பழைய குறிப்புகளை எல்லாம் அதில் ஏற்றினார். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் சொல்ல ஒரே ஒரு வரி: “நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம்.” இத்தனை வருஷமும் அவர் சொல்லி வந்ததும் அதுதான். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது. சும்மா இருக்கிற கையைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. அவருடைய பரீட்சைத் தாள்களைத் திருத்துவதும், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவதும் அவள்தான். ‘உன் கண்ணு யாருக்கு வரும்!’ என்று கல்யாணமான புதிதில் ஐஸ் வைத்து, அந்த மூட்டையை அவள் தலையில் கட்டியிருந்தார்.

முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி வாசலுக்கு நடந்தார். உள்ளேயிருந்து அவருடைய இருமல் கேட்டது. அவர் இருமவில்லை. முதுகில் என்னவோ ஊர்ந்தது. உதறிவிட்டு மேல்மாடித் தையற்காரரோடு சீட்டாடப் போய்விட்டார்.

சில நாள் சுகமாகப் போயிற்று. ஒரு சாயங்காலம் காபியை நீட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்.

“இன்னைக்குப் பாடம் பிரமாதங்க.”

“கேட்டியா?”

“கேக்காம? உங்க குரல்தான் வீடு முழுக்க ஒலிக்குதே. அந்தப் பொண்ணுக்கு நைல் நதியை விளக்கினீங்களே, அடடா!”

காபி புரையேறியது. அன்றைக்கு அவர் போட்டுவிட்டுப் போனது பாலைவனம். அதில் நதியே கிடையாது.

“என்ன... விளக்கினேன்?”

“என்னைக் கேட்டா? ‘நைல் வடக்கே ஓடுதாம். வடக்குன்னா மேல, நதி எப்படி சார் மேல ஏறும்?’னு அந்தப் பொண்ணு கேட்டா. ‘வடக்கு மேல இருக்கிறது சுவத்துல மாட்டின படத்துல மட்டும்தான். கழட்டித் தரையில விரி. இப்ப எது மேல? தண்ணிக்குத் திசை தெரியாதும்மா, பள்ளம்தான் தெரியும்’னு சொன்னீங்க. மறந்துட்டீங்களா?”

“மறப்பேனா? சும்மா கேட்டேன்” என்றார்.

மறுநாள் அவர் மாடிக்குப் போகவில்லை. சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அவருடைய குரல் நிதானமாகப் பேசியது. “நீ தீர்க்கரேகையைப் படுக்க வச்சுடுவே. போன பரீட்சையிலயும் வச்சே. அதுக்கு முந்தினதுலயும் வச்சே.” அது எந்தப் பையன், என்றைக்கு, எப்படித் தப்புப் பண்ணினான் என்று அவருக்கே தெரியாது. அதற்கு எப்படித் தெரிந்தது?

திடீரென்று பேச்சு நின்றது. பிறகு அதே குரல் சொல்லிற்று:

“கதவுக்குப் பின்னாடி நிக்கிறவர் ஒண்ணு உள்ள வரணும். இல்ல, கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிட்டு வரணும்.”

சார் தைரியத்தை எல்லாம் திரட்டிக் கதவைத் தள்ளினார். அறையில் ஒருவரும் இல்லை. காலி நாற்காலி. திரையில் அவர் முகம். அது அவரைப் பார்த்து மெதுவாகக் கண் சிமிட்டியது. அவர் விழுந்தடித்துக்கொண்டு கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கி வந்தார்.

“எண்ணெய் தீந்துபோச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?” என்று மனைவி வாயில் கை வைத்தாள்.

தையற்காரரிடம் போய்ப் புலம்பினார்.

“அதுக்கு உசுரு வந்துடுச்சுங்க.”

“நான் எத்தனையோ பேருக்கு அளவெடுத்துச் சட்டை தச்சிருக்கேன் சார். ஒரு சட்டையும் தானா எழுந்து நடந்ததில்லை.”

“இது நடக்குதே!”

“அப்படின்னா உள்ள ஆள் இருக்கணும்.”

“அறை காலிங்க. என் கண்ணால பாத்தேன்.”

தையற்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அப்ப எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளையிலேருந்து சீட்டு வேணாம் சார்” என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமையாசிரியை ஃபோன் செய்தார். வகுப்புகளைக் குறைக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவர் பாடத்தையும் அவரே உட்கார்ந்து கேட்பாராம். யாருடைய வகுப்பு தூங்குகிறதோ, அவருக்குக் கிடங்கில் மேசை நாற்காலிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கிடங்கில் பேசவும் ஆள் கிடையாது. வேண்டாம் வேண்டாம் என்று உதறிய வகுப்பின் மேல் அன்றைக்குத்தான் அவருக்குப் பாசம் பொங்கியது. அது என் வகுப்பு, என் பிள்ளைகள் என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

நிழலை அணைத்தார். தலையை வாரிக்கொண்டு தானே நாற்காலியில் உட்கார்ந்தார். எரிமலைப் பாடம். வாசித்தார். ஒரு பெண் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டாள்.

“நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம்.”

திரையில் இருந்த குட்டி முகங்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு வால் பையன் கிசுகிசுத்தான்.

“டேய், இன்னைக்கு சார் வரலைடா. மெஷினைப் போட்டுட்டுப் போயிட்டாரு.”

“ஆமாண்டா, கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்குது.”

“நான்தான்டா சார்!” என்று கத்தினார்.

“பாத்தியா, அதையும் சொல்லி வச்சிருக்காரு!”

சார் தன் கன்னத்தைத் தானே கிள்ளிப் பார்த்தார். வலித்தது. அப்படியும் முழு நம்பிக்கை வரவில்லை.

தலைமையாசிரியை கேட்கிற நாள் வந்தது. வேறு வழி? கும்பிடாத குறையாக நிழலை எழுப்பிவிட்டுத் திரை முன்னால் கைகட்டி நின்றார்.

“இந்த ஒரு தடவை என்னைக் காப்பாத்து. நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்.”

திரை முகம், “துணி துவைச்சு ரொம்ப நேரமாச்சு. பால்கனியில போய்க் காயப் போடுங்க” என்றது.

மறுபேச்சுப் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு சட்டையாக உதறிப் போடும்போதே பாடம் காதில் விழுந்தது. கேட்கக் கேட்க அவருக்கே எரிமலை புரிந்துவிட்டது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள், அந்தக் குரல் ஒருவரையும் விடாமல் பதில் சொன்னது. கடைசியில் தலைமையாசிரியை தழுதழுத்தார்.

“சார், இப்படி ஒரு பாடத்தை நான் கேட்டதே இல்லை. இந்த வகுப்பு உங்களுதுதான். இதே மாதிரி தினமும் நடத்துங்க.”

“ரொம்ப நன்றிங்க மேடம். நடத்தாம என்ன?” என்றது அவர் குரல்.

பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே அடுத்த புடவையைக் கொடியில் இழுத்துவிட்டவர், எதேச்சையாகச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.

மனைவி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எண்ணெய்ப் புட்டியில் சாத்தி வைத்த ஃபோனில் பிள்ளைகள் வரிசையாகக் கை அசைத்துக்கொண்டிருந்தார்கள். நிழலுக்கும் மதிப்பெண் ஏற்றுகிற அதே கணக்கு, அதே கடவுச்சொல். அவருடைய தாள்களைத் திருத்தித் திருத்தி ஒவ்வொரு பிள்ளையின் தப்பும் அவளுக்கு மனப்பாடம். அவள் கட்டைவிரல் ஃபோனில் என்னவோ எழுதிக்கொண்டு ஓடியது. அறையிலிருந்து அவருடைய குரல், “போயிட்டு வாங்க பிள்ளைங்களா” என்றது.

சாருக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை நாளும் இவளா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என வாயைத் திறந்தார்.

அவள் திரும்பவே இல்லை. கட்டைவிரல் மட்டும் மறுபடி ஓடியது. ஆளில்லாத அறையிலிருந்து அவருடைய குரலே அவரைக் கூப்பிட்டது.

“எட்டிப் பாத்தது போதுங்க. வாளியில இன்னும் துணி இருக்கு.”