மாத்திரை தர மறுத்த ஈரல் அண்ணன்

சிதம்பரத்தில், வருகிற வியாபாரத்தை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தெரு மெடிக்கல்காரர்தான். தலைவலி, முடி கொட்டுவது, மாமியார் சண்டை என்று எதைச் சொன்னாலும் ஈரலில்தான் ஆரம்பிப்பார். ஊருக்கே அவர் ஈரல் அண்ணன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா, காதுகுத்து, நாத்தனார் கல்யாணம் என்று விசேஷங்கள் வரிசை கட்டின. எதிலும் நான் 'வீட்டுக்குத் தூரம்' ஆகிவிடக் கூடாதாம். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை முதல் இரண்டு முறையும் மாமியாரே எங்கிருந்தோ வாங்கிவந்தார். ஐயர் மண்டபத்துக்கு நாள் குறிப்பார். அத்தை என் உடம்புக்கு நாள் குறிப்பார். மூன்றாம் முறை நானே கடைக்குப் போனேன்.

"டாக்டர் சீட்டு எங்கம்மா?"

"அத்தை சொன்னாங்க, அண்ணே."

"ஓ, அத்தை டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா?"

பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அண்ணன் குரலை உயர்த்தினார்.

"ரத்தத்தை உறைய வைக்கிற புரதத்தைச் செய்யறதே ஈரல்தாம்மா. இந்த மாத்திரைல கொஞ்சம் உள்ள போயி ஈஸ்ட்ரோஜனா மாறும், பொம்பள ஹார்மோன். அது ஈரலைத் தூண்டி விட்டா, உறைய வைக்கிறதை ஜாஸ்தியா செய்யும், உறையாம தடுக்கிறதைக் கொறைச்சிடும். நெறைய பேருக்கு ஒண்ணும் ஆவாது. யாருக்கு ஆவும்னு ஒங்க அத்தைக்குத் தெரியுமா?"

மானம் போய்த் திரும்பி நடந்தேன்.

"நில்லும்மா! எடது கால் மட்டும் ஏன் வீங்கிருக்கு?"

"கல்யாண வேலை, அண்ணே. நாலு நாளா வலி."

ஆறு பேரையும் தெருவில் நிற்க வைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். ஆட்டோவில் என்னை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். விஷயம் கேட்டு ஓடிவந்த மாமியார், "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, இவுங்களுக்கு ஈரல் பாடம் கேக்குதா?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினார்.

ஸ்கேனில் கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தக்கட்டி தெரிந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயம்.

ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்த நாளில் நாத்தனார் கல்யாணம் நடந்தது. நான் இல்லாமலே தாலி கட்டினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இப்போது அண்ணன் கடையை மூடிவிட்டு, கடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். "ஒடம்பு என்னாத்துக்கு இப்படி எளைச்சிருக்கு? ஈரலைக் கவனிக்கிறியா இல்லியா?" என்று வாசலிலேயே திட்ட ஆரம்பித்தார். அப்பா போன பிறகு என்னை அப்படித் திட்ட வேறு யாரும் இல்லை. முடிக்கும்வரை நின்று கேட்டேன்.