அல்லிக்கு வந்த மஞ்சள்

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று யாராவது கேட்டால், கோபுரம், விமானம் என்றெல்லாம் அலைய வேண்டாம். நெதர்லாந்தின் டெவென்டர் நகர மீன்தொட்டிச் சங்கத்தின் 'தாவர நலத் துணைக்குழு'வைக் காட்டினால் போதும். நானும் அதில் ஓர் உறுப்பினன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரை முதியோர் இல்லத்தின் கூடத்தில் எங்கள் சங்கம் ஒரு பெரிய மீன்தொட்டியை 'அர்ப்பணித்திருந்தது'. அதன் நடுநாயகம், இலையே சிவப்பாக இருக்கும் ஒரு சிவப்பு அல்லி. மார்ச் மாதம் அதன் இலைகள் மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, ஓரமெல்லாம் கூழாகக் கரையத் தொடங்கின. உடனே அவசரக் கூட்டம். எங்கள் தலைவர் பாரென்ட், கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்கே டை கட்டாதவர்.

தொட்டியை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் எப்போதும் டியாலிங் என்ற பெரியவர் உட்கார்ந்திருப்பார். சரக்குப் படகு ஓட்டியவர். அவரைப் பார்க்க வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. அவர் மீன்களைப் பார்ப்பார்.

எங்கள் நோயறியும் நிபுணர் இம்கே அம்மையார் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மஞ்சள் எப்போலேர்ந்து?"

"ரெண்டு வாரமா இருக்கும்மா," என்றார் டியாலிங்.

"வேற ஏதாவது?"

"ஆகாரம் இறங்க மாட்டேங்குது. ஒடம்பெல்லாம் ஒரே அரிப்பு."

இம்கே நிமிர்ந்தார். "தலைவரே, அல்லிக்கு அரிப்பாம்."

"செடிக்கு அரிப்பு வராது," என்றார் தலைவர். "பெரியவரே, துணைக்குழு பேசும்போது குறுக்க பேசக் கூடாது. பார்வையாளருக்குன்னு கடைசில அஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்."

"நான் என்னைப் பத்திச் சொன்னேங்க."

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லீங்களே."

இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரின் வாயை அடைக்க எங்கள் தலைவரால்தான் முடியும்.

விவாதம் சூடு பிடித்தது. இரும்புச்சத்துக் குறைவு என்றது ஒரு கட்சி. பொட்டாசியம் என்றது மறு கட்சி. கரியமில வாயு போதவில்லை என்றார் ஒருவர். வாய்க்கு மட்டும் அங்கே குறைவில்லை. பெரியவரின் நிழல் விழுவதால்தான் வெளிச்சம் பற்றவில்லை என்று நான் சுட்டிக்காட்டினேன். கைதட்டல். அவரை நாற்காலியோடு சுவரோரம் நகர்த்தினோம்.

"இங்கேருந்து மீன் தெரியலியே," என்றார்.

"செடி நல்லாகட்டும், பாக்கலாம்," என்றார் இம்கே.

அடுத்த கூட்டத்தில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. டியாலிங்கின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். "பாத்தீங்களா? கோளாறு விளக்குல இருக்கு," என்றார் தலைவர். ஒருமனதாக விளக்கை மாற்றினோம். புது விளக்கிலும் அவர் மஞ்சளாகவே இருந்தார். விளக்கு செய்த கம்பெனியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம்.

கடைசியில் இம்கேதான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டார். அல்லிக் கிழங்கு முழுசாக மணலுக்குள் புதைந்து கிடந்தது. பாதியாவது வெளியே தெரிய வேண்டியது. உள்ளேயே அழுகத் தொடங்கியிருந்தது. திறப்பு விழாப் படத்துக்கு 'நேர்த்தியாக' இருக்கட்டும் என்று அதை அமுக்கிப் புதைத்தவர் தலைவர். யார் புதைத்தது என்ற கேள்வியை அவர் அனுமதிக்கவில்லை.

அழுகலைச் சீவி, கிழங்கை மேலே தூக்கி வைத்து, வேரோரம் உர வில்லை ஒன்றைச் செருகினோம். சில வாரத்தில் செக்கச்செவேலென்று புது இலை வந்தது. கூடத்தில் விழா. ஆப்பிள் கேக், காபி, தலைவரின் உரை. இம்கே அழுதேவிட்டார்.

சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. தட்டுகளை எடுக்க வந்த தாதி ஃபென்னாவிடம், பெரியவர் எங்கே, இலையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"போன வாரம் ஆஸ்பத்திரில சேத்தோம் சார். கல்லீரல். கொஞ்சம் முன்னாடியே யாராவது கவனிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. நான் ஒருத்தி, மேல இருக்கற மாடி மொத்தமும் பாக்கறேன். கீழ அவரோட உக்காந்திருந்தது நீங்கதான்." தட்டுகளை அடுக்கினாள். "வியாழக்கிழமை அடக்கம். யாராவது வர்றீங்களா?"

தலைவர் உண்மையாகவே வருந்தினார். "வியாழக்கிழமை அல்லிக்கு உரம் வெக்கிற நாளாச்சேம்மா."

அடக்கத்துக்கு ஃபென்னா மட்டும் போனாள். அதற்காக எங்களைக் குறை சொல்ல முடியாது. டெவென்டரில் ஓர் உயிர் மஞ்சளானால் நாங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவோம். அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.