கிளாக்கர் அடைத்த வேலிப் பொட்டு

கல்லடிக் கிளாக்கர் வினாயகமூர்த்தி அந்தச் செவ்வாய்க்கிழமை அரசாங்கக் கச்சேரியில் வேலை முடிந்து வந்தவர், கோட்டைக் கழற்றவில்லை, தலைப்பாகையைக் கழற்றவில்லை. நேரே குசினி வாசலில் போய் நின்றார். உள்ளே அவருடைய மனைவி புஸ்பம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"புஸ்பம்! இண்டையோட அந்தப் பொட்ட அழிக்கிறன்!"

நண்டுக்கால் கைநழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

"வாயக் கழுவுங்க! நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கக்குள்ள என்ர பொட்ட ஏன் அழிக்கணும்?"

"நெத்திப் பொட்டில்ல புள்ள, வேலிப் பொட்டு!"

பின்வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அதுதான் பொட்டு. அதற்கு அங்கால் கண்ணகையின் வளவு. கண்ணகையின் புருசன் யோகராசாவும் கச்சேரியில்தான் வேலை, வினாயகமூர்த்திக்கு இரண்டு மேசை தள்ளி. அந்தப் பொட்டால் புஸ்பம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போவாள், கண்ணகை பதினொரு தரம் வருவாள். கூடவே வீட்டு ரகசியங்களும் குனிந்து போய்விடும்.

இரண்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை வினாயகமூர்த்தி வீட்டு அலுமாரியைத் திறக்க, உள்ளேயிருந்து ஒரு கரப்பான் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. அவர் மேசைமேல் ஏறிவிட்டார். ஏறினதாவது பரவாயில்லை. "அம்மோவ்!" என்று கத்தியும் விட்டார். பார்த்தது புஸ்பம் ஒருத்திதான்.

"இண்டைக்குக் கச்சேரியில பியூன் வந்து என்ன கேட்டான் தெரியுமா? 'ஐயா, பைல் எடுக்க அலுமாரி திறக்கப் போறன், முதல்ல மேசையில ஏறிக்கொள்றீங்களா?' எண்டு கேட்டான்!"

புஸ்பம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"சத்தியமா நான் கண்ணகைக்கு மட்டும்தான் சொன்னன்."

"கண்ணகை?"

"அவ புருசனுக்கு மட்டும்தான் சொல்லியிருப்பா."

"புருசன்?"

"அது கச்சேரிப் பக்கம். எனக்கு எப்பிடித் தெரியும்?"

பாலத்தைக் கடந்து வரும்போதே வினாயகமூர்த்தி ஒரு பெரிய சண்டைக்கு வசனம் கட்டி வைத்திருந்தார். புஸ்பம் அழுவாள், தாய் வீட்டுக்குப் போவேன் என்பாள், தான் இளகவே கூடாது. ஆனால் புஸ்பம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதான். அடையுங்க. ஓலைக் கிடுகு நான் எடுத்துத் தாறன்."

எடுத்தும் தந்தாள். அவர் கட்ட, அவள் கயிறு பிடித்தாள். "இஞ்ச ஓட்டை தெரியுது, இன்னொரு கிடுகு வைங்க" என்று மூலையைக் காட்டியும் கொடுத்தாள். பதினைந்து வருசக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை அவர் கண்டதில்லை. அன்று இரண்டு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்தவர் முற்றத்தில் துப்பினார்.

"என்ன புள்ள, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியா?"

"நான் ஒண்டும் போடல்ல. நம்மட கிணத்துத் தண்ணி அப்பிடித்தான், வாவித் தண்ணி. குடிக்கத் தண்ணி கண்ணகைட கிணத்தில அள்ளுறதல்லவா?"

"அப்ப போய் அள்ளிட்டு வா."

"ரோட்டாலயா?" புஸ்பம் கண்ணை அகல விரித்தாள். "நம்மட ஒழுங்கையால ஏறி, கோயிலச் சுத்தி, கடையடிக்குப் போய், மறுகா அவங்கட ஒழுங்கையால இறங்கணும். போறதுக்கு எனக்கென்ன? கச்சேரிக் கிளாக்கர்ர பொஞ்சாதி குடத்தோட கடையடியால போறா எண்டு சனம் கதைச்சா ஆருக்கு மரியாதைக் கேடு?"

வினாயகமூர்த்தி யோசித்தார். தனக்குத்தான். எனவே குடத்தைத் தானே தூக்கினார். மரியாதை குறையக் கூடாது என்று கோட்டையும் போட்டுக்கொண்டார்.

கோட்டும் குடமுமாக அவர் திரும்பி வரும்போது, காத்தான்குடியிலிருந்து புடவைக் கட்டோடு வந்த றவூப் கோயிலடியில் நின்று அனுதாபத்தோடு பார்த்தார்.

"கிளாக்கர், தோளில வச்சாத் ததும்பும். இடுப்பில வைங்க. எங்கட பொம்புளையளப் பாத்தாத் தெரியும்."

தண்ணீரோடு முடிந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அன்று பின்னேரம் புஸ்பம் ஒரு கோப்பை நண்டாணக் குழம்பு கொடுத்து, கண்ணகையிடம் சேர்க்கச் சொன்னாள். கண்ணகை கோப்பையைக் கழுவினாள், ஆனால் வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் இல்லை. அதில் மாங்காய்ச் சம்பல் போட்டாள். சம்பல் வந்த கோப்பையைப் புஸ்பமும் வெறுமனே அனுப்பவில்லை. கீரைச் சுண்டல் போனது, கருவாட்டுப் பொரியல் வந்தது, பாயாசம் போனது. கோட்டு போட்ட கிளாக்கர் கோப்பையை ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றினார். வலமும் இடமும். ஐயர், ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணித் திருநீறு பூசிவிட்டார்.

ஒவ்வொரு கோப்பையோடும் ஒரு செய்தியும் வந்தது.

"மச்சாளுக்கிட்டச் சொல்லுங்க," என்பாள் கண்ணகை, "எங்கட மகளப் பாக்கப் பெரியகல்லாத்து மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வாறாங்களாம்."

அவர் வந்து சொல்வார்.

"எத்தின பேராம்?" என்பாள் புஸ்பம். "பொம்புளையும் வாறாங்களா? அந்தச் சின்னம்மாவுமா?"

அவருக்குத் தெரியாது. கேட்டு வரத் திரும்பவும் நடப்பார். ஏழாம் நாள் அவரே, "அப்ப சீதனத்துக்கு வயல் வட்டையில எந்தப் பக்கக் காணி?" என்று கண்ணகையிடம் கேட்டுக்கொண்டு நின்றார். கச்சேரிக்குப் பிந்திப் போனார்.

ஒன்பதாம் நாள் மழை பெய்து ஒழுங்கை சேறாகிவிட்டது. கடையடியில் சறுக்கினார். மீனாணம் முழுக்கக் கோட்டில். கடையடி நாய் இரண்டும் வீடுவரை அவரை மரியாதையாக அழைத்து வந்தன.

"புஸ்பம்," என்றார் தொய்ந்த குரலில், "அந்தப் பொட்டத் திறப்பமா?"

"என்ன கதை இது? அடைச்ச மனிசனே பிரிச்சாச் சனம் சிரிக்காதா?" கோட்டை வாங்கி வாளிக்குள் அமுக்கினாள். தலையைத் துவட்டிவிட்டாள். மெதுவாகச் சொன்னாள்: "அதோட, பொட்டெண்டா ஒவ்வொரு தரமும் குனியணும். நீங்க குனியலாமா? எனக்கும் குனிஞ்சு நாரி நோகுது."

வினாயகமூர்த்திக்கு மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"படலை போட்டா?"

"படலையா?"

"ஓம்! கதவு மாதிரி நல்ல மரப் படலை. நிமிர்ந்து போகலாம், வரலாம். பொட்டு அடைச்சது அடைச்சதுதான். படலை வேற!"

"எனக்கு இந்த யோசனை வரல்ல பாருங்க," என்றாள் புஸ்பம். "அதுதான் படிச்ச மூளை எண்டுறது."

அந்தப் பாராட்டின் சூடு ஆறுமுன் அவர் மரவேலை செய்யும் கதிர்காமத்தம்பி ஓடாவியின் பட்டறைக்குப் போனார். "ஓடாவியார், எனக்கு ஒரு படலை செய்யணும். அளவு..."

"செய்யிறதா? அந்தாச் சாத்தியிருக்கு," என்றார் ஓடாவி, சீவுளியை நிறுத்தாமல். "வேலி அடைச்ச மற்றநாள், நீங்க கச்சேரிக்குப் போன கையோட, அம்மா ரோட்டால நடந்து வந்து அளவு தந்திட்டா. ஐயா கேட்டு வருவார், வந்தாத்தான் குடுக்கணும் எண்டும் சொன்னவ."

வினாயகமூர்த்தி போய்ப் படலையைத் தூக்கினார்.

"பாத்துப் பிடிங்க ஐயா, தார் இன்னும் காயல்ல. ஐயா பதினஞ்சு நாள் தாங்குவார் எண்டு அம்மா சொன்னவ. நீங்க ஒன்பதாம் நாளே வந்திட்டீங்க."